குப்பைமேட்டுக்கு ஆண்டுத் திவசம்

மார்ச் 12, புதன்

கவுன்சிலில் எனக்குக் குப்பைப் பிரிவில் வேலை. தமிழ் தெரியும் என்பதற்காக இன்று கிங்ஸ்பரியில் தமிழ் முதியோர் கூட்டத்துக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். பழைய குப்பைமேட்டை மூடிய பிறகும் ஐம்பது, அறுபது வருடம் பராமரிக்க நிதி ஒதுக்க வேண்டும். அதற்கு அவர்களுடைய ஆதரவு தேவை.

மேட்டுக்குள்ளிருந்து கழிவுநீர் கசியும், வாயு கிளம்பும் என்று அரை மணி நேரம் படம் காட்டினேன். ஓய்வுபெற்ற தபாலதிபர் பொன்னம்பலம் எழும்பினார்.

"தம்பி, மூடினாப் பிறகு அதுக்கென்ன செலவு?"

நாலாவது முறை கேட்கிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, செத்த ஆளை எரிச்சதோட விட்டிடுறியளோ? எட்டுச்செலவு, அந்தியேட்டி, பிறகு வருசா வருசம் திவசம் எண்டு செய்யிறியள்தானே? இதுவும் அப்பிடித்தான்."

மண்டபமே தலையாட்டியது.

"ஓம், அதெண்டாச் செய்யத்தானே வேணும்" என்றார் அவர்.

எல்லோரும் படிவத்தில் கையெழுத்து வைத்தார்கள். கருத்து எழுதும் இடத்தில் ஓர் அக்கா, பராமரிப்பை ஆடி அமாவாசையில் தொடங்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு இதையெல்லாம் என் வெள்ளைக்கார மேலதிகாரிக்கு எப்படி மொழிபெயர்ப்பேனோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்பா, திவசமெண்டா என்ன?" என்றான்.

குப்பைமேடு கொடுத்து வைத்தது.