வைத்தீஸ்வரன் கோயில் தகடும் சித்தப்பாவின் இன்சூரன்ஸும்

நீடாமங்கலம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வானதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அந்த ஊர் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி பிடிக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். மூணாறு தலைப்பு மதகில் திறந்த தண்ணீர் நம் வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி மழை பெய்தால் கூடுகிறது, வெயில் அடித்தால் கூடுகிறது, நீ போன் செய்தால் மட்டும் குறைகிறது. வைகாசியில் எங்களுக்கு டப்ளின் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கும். "ஏம்ப்பா, இந்தப் பயண இன்சூரன்ஸை எல்லாரும் வாங்குறாங்களே, அதுல யாருக்காவது நிஜமாவே பணம் வந்து நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அப்போது உன் சித்தப்பாவின் க்ளெய்மை கம்பெனிக்காரர்கள் தள்ளியிருந்த நேரம். உனக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆமாம் என்று சொல்ல வழியும் இல்லை. இப்போது சொல்கிறேன், பார்த்திருக்கிறேன். வாங்கிக் காட்டியவள் உன் ஷோபனா சித்தி. போனில் சொன்னால் நீ வேலைக்கு நடுவில் பாதியைத்தான் கேட்பாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு சித்தப்பாவும் சித்தியும் மகன் பிரபுவைப் பார்க்கப் பினாங்கு போனதும், போன இடத்தில் சித்தப்பாவுக்குக் குடல்வால் வீங்கி உடனே ஆபரேஷன் ஆனதும் உனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரிச் செலவு எந்தப் பணத்தில் நடந்தது என்பதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று சித்தப்பா தடுத்திருந்தான். நம் வயலுக்கு மேலே தலைமடையில் இருக்கிறதே, ஹரிஹரசுப்ரமணியன் சாருடைய நிலம், உன் சித்தப்பா தமிழரசன் இத்தனை வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறானே, அதைச் சார் விற்கிறேன் என்று சொல்லிவிட்டார். மனைக்கட்டு போடுகிறவர்கள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வாங்கி மண்ணடித்து மேடாக்கினால் நம் வாய்க்கால் அதோடு அடைபட்டுப் போகும், பிறகு நம் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் சொல். அதை வாங்கத்தான் சித்தப்பா சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பணம் பினாங்கில் கரைந்துவிட்டது. சார் நல்ல மனிதர், சென்னையிலிருந்து போன் செய்து, "ஆடியில யாரும் பத்திரம் பண்ண மாட்டோம் தமிழரசு, ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் உனக்காகப் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டார். ஆக இன்சூரன்ஸ் பணம் வந்தால் தலைமடை நமக்கு, வராவிட்டால் வாய்க்காலும் இல்லை.

ஏன் தள்ளினார்கள் என்பதைக் கேள். கிளம்புவதற்கு முன்னால் சித்தி வழக்கம்போல வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வந்தாள். அவர்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே, யார் நெடுந்தூரம் போவதாக இருந்தாலும் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வயிறு என்று செய்து விற்பதை வாங்கி உண்டியலில் போட்டு, போகிற இடத்தில் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் சித்தப்பா வலியில் சுருண்டு கிடக்கிறான். நம் தமிழ் பேசுகிற ஒரு நர்ஸ், பூவிழி என்று பேராம், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிளுக்கு இதுக்கு முன்னாடி வயித்துல ஏதும் பிரச்சினை இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டிருக்கிறாள். சித்திதான் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அழுகிறவளாயிற்றே. "வயித்துக்குத்தாம்மா, கிளம்புறதுக்கு முன்னாடிகூட வெள்ளியில வயிறு வாங்கிப் போட்டு வேண்டிக்கிட்டேன். அப்படியும் சாமி இப்படிப் பண்ணிட்டாரே!" என்று புலம்பியிருக்கிறாள். அந்தப் பெண் என்ன செய்வாள், நோயாளி வயிற்றுக்காக ஏற்கெனவே கோயிலில் வேண்டுதல் செய்தவர் என்று கேட்டதைக் கேட்டபடி குறித்து வைத்துவிட்டாள். இங்கே கம்பெனியில் அதைப் படித்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும், வேண்டினார்கள் என்றால் முன்பே நோய் இருந்திருக்கிறது, ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பாலிசியில் இடமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பா அதோடு விட்டுவிட்டான். "போகட்டும் ஷோபனா, உசுரு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு தினமும் சாயங்காலம் போய் அந்தத் தலைமடை வரப்பில் நின்றுவிட்டு வருவான். உன் துரைராசு மாமா ஒரு நாள் வந்து, "இதுல என்ன கஷ்டம், நான் அப்படிச் சொல்லவே இல்ல, நர்சு தப்பா எழுதிடுச்சுன்னு ஒரு வரி எழுதிப்போடு. கடல் தாண்டிப் போயி அந்தப் பொண்ணுகிட்ட எவன் விசாரிக்கப் போறான்?" என்று யோசனை சொன்னார். சித்தி காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு தன் வேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போவாம என் கையைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சுண்ணே. அது மேல பழியைப் போட்டு வர்ற பணத்துல வாங்குற நெலத்துல எனக்கு நெல்லு வெளையாது. நான் சொன்னேன், சொன்னதுதான்" என்றாள். மாமா காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷம் அவள் மேல் ஏற்பட்ட மரியாதையை எழுதிக் காட்ட முடியாது.

அதற்கப்புறம் அவள் வேலை செய்த முறையைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோபமாக ஒரு வரி எழுதவில்லை, யாரிடமும் போய்க் கத்தவில்லை. கம்பெனியின் கடிதத்தை என்னைத் தமிழில் சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஏன் மாமா, வலி எப்ப வந்துச்சு, யாருகிட்ட வைத்தியம் பாத்தாங்கன்னு இதுல எங்கயும் இல்லியே, வேண்டிக்கிட்டதை மட்டும்தானே சொல்றாங்க? அப்ப வலி எப்ப வந்துச்சுன்னு நாம காட்டிட்டாப் போதும்ல?" என்றாள். சரியான இடத்தைத் தொட்டாள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், இது திடீரென்று வந்தது, வலி தொடங்கியது இன்ன நாள் என்று எழுதி வாங்கு என்று பிரபுவிடம் சொன்னாள். அவன் லீவு கிடைக்கவில்லை என்று இழுத்தான். இவள் தினம் காலையில் போன் போட்டு, "சாப்டியா, டாக்டரைப் பாத்தியா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டே வாங்கிவிட்டாள். பிரபுவையும் குறை சொல்லக்கூடாது, ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிய கையோடு பாலிசியில் போட்டிருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிவு எண் வாங்கி வைத்திருந்தான். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் முதல் வாசலிலேயே நின்றிருப்போம். இங்கே நம் டாக்டர் ஜெக்கரியாவிடம், முன்பு வயிற்றுக்கு வைத்தியம் பார்த்ததில்லை என்று சான்று கேட்கப் போனபோது அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் என்கிட்ட வந்ததே கால்ல கண்ணாடி குத்துனப்போதான். அன்னிக்கும் ஊசி வேணாம்னு ஓடப் பாத்தாரு. அதையும் சேத்து எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொடுத்தார். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் பில், பணம் கட்டிய ரசீது, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கம், விமானத்தில் ஏறும்போது கிழித்துத் தந்த துண்டு வரைக்கும் அவள் புடவை அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அனுப்பினாள்.

கூட வைக்கும் கடிதத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். நம் பக்கத்துக் கோயில்களில் வேண்டுதல் என்றால் என்ன, அது எப்படி வந்தது என்று நன்றாகவே விளக்கியிருந்தேன், எனக்குப் பிடித்தும் இருந்தது. சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இவங்க நமக்கு சமயப் பாடத்துலயா பரீட்சை வைக்கிறாங்க?" என்றாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்றுதானே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், வண்டல் மண் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் காவிரி எங்கே பிறக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுகிற பையனுக்கு நான் எவ்வளவு மதிப்பெண் போட்டிருப்பேன். அடித்துவிட்டுச் சின்னதாக எழுதினோம். வேண்டிக்கொண்டது உண்மை, அது நோய்க்காக இல்லை, வலி தொடங்கிய நாள் இது, அதற்கு டாக்டரின் கடிதம் இது, இதற்கு முன் வைத்தியம் பார்த்ததாக உங்களிடம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள். அவ்வளவுதான். அதைக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினோம். அவர்களும் மறுத்தால் அடுத்து இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தோம்.

ஆடி பிறந்தும் பதில் இல்லை. ஒரு நாள் உரக்கடைக்குப் போய்விட்டு நானும் சித்தியும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நம் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை, போட்டால் போட்டதுதான். பஸ் நின்றுகொண்டிருந்தபோது சித்தியின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஷமீரா என்று ஓர் அதிகாரி, பேச்சில் நல்ல பணிவு. இரைச்சலில் காது கேட்காமல் சித்தி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள், பஸ்ஸே கேட்டது. "அம்மா, உங்க லெட்டர் படிச்சேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நோய் இல்லேன்னா வயித்துக்கு மட்டும் ஏன் வேண்டிக்கிட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "வயித்துக்கு மட்டும்னு யாரும்மா சொன்னா? தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு ஆளுக்கு உண்டான அத்தனையும் வாங்கிப் போட்டேன். கண்ணுக்குப் போட்டேன், அவருக்கு கண்ணு நல்லாத்தான் தெரியுது. காலுக்குப் போட்டேன், இப்பகூட வரப்புலதான் நடந்துக்கிட்டு இருக்காரு. அந்த நர்சுப் பொண்ணு வயித்தைக் கேட்டுச்சு, வயித்தைச் சொன்னேன்" என்றாள் சித்தி. "சரிம்மா, ஒண்ணுமே இல்லாதப்ப எதுக்கு முன்கூட்டியே வேண்டணும்?" என்றது போன். சித்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீங்க மட்டும் என்னவாம், காயலா வந்ததுக்கு அப்புறமா இன்சூரன்ஸ் குடுக்குறீங்க? ஒண்ணும் இல்லாதப்பதானே பணம் கட்டச் சொல்றீங்க. நானும் அதைத்தான் பண்ணேன்!" என்றாள். பின்சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த ஒரு அம்மாள், "அப்படிக் கேளு தாயி!" என்று குரல் கொடுத்தாள், கேட் திறந்தும் கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார். அந்தப் பக்கம் ஷமீராவும் சிரித்துவிட்டு, "இதை அப்படியே எழுதி ஒரு மெயில் போட்டுடுங்கம்மா, போன்ல சொன்னது ஃபைல்ல நிக்காது" என்றாள். தப்பு சொல்லக் கூப்பிட்டவள் இல்லை அவள், புரிந்துகொள்ளக் கூப்பிட்டவள். அவளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அன்றைக்கே மெயில் போனது.

ஆடி முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. கொஞ்சம் பிடித்திருந்தார்கள். ஏன் என்று சித்தி கேட்டாள், நாமே ஏற்கவேண்டிய பங்கு என்று பாலிசியில் இருந்த வரியைக் காட்டினார்கள், நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஹரிஹரசுப்ரமணியன் சார் சென்னையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை சித்தி பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டான் உன் சித்தப்பா. அவள் வேண்டாம் என்று தடுத்தாள், "நீ வாங்குன நெலத்துல நான் குத்தகைக்காரனாவே இருந்துட்டுப் போறேன், எனக்குப் பழக்கம்தான்" என்றான். பினாங்கிலிருந்து வந்த பிறகு அவன் வாயில் கேட்ட முதல் தமாஷ் அது. இப்போது தலைமடையில் நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள், விதை முளைத்துப் பச்சை கட்டியிருக்கிறது.

இனி நம் விஷயம். ஐப்பசியில் நாங்கள் வருவதற்கு நீ பாலிசி எடுக்கும்போது என் பி.பி.யை விட்டுவிடாதே. எழுதினால் பிரீமியம் கூடும் என்றாய், கூடட்டும். அம்மாவின் முழங்காலையும் எழுது, அவள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அலுவலகத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, சின்னவளைத் தமிழில் பேச வை, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு வாழ எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை மட்டும் செய். நீ எடுக்கப்போகும் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று போட்டிருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து, போனில் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டு. அவளுக்குப் புரியாத வரி எதுவோ, அதைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டு.

அன்புடன்,
உன் அப்பா
பஞ்சநதம்