லாரி மறைத்த வானம்

அன்புள்ள மெர்வினுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் ஆஸ்திரேலியாவின் இந்த மேற்குப் பக்கம், நார்ஸ்மன் ஊருக்கு வந்து சமையல் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி நாற்பது வருடமாக ஊரைத் தாண்டி என்னை ஓட்டவிட்டதில்லை நீங்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். நல்லார்பர் சமவெளியில் இரட்டைப் பெட்டி லாரி ஒன்றை முந்தப் பயந்து, இருநூறு கிலோமீட்டர் அதன் பின்னாலேயே போனேன். கடைசியில் அந்த டிரைவர், வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் கூப்பிட்டார்.

"வெள்ளை வண்டி, காலையிலேர்ந்து பின்னாலயே வர்றீங்களே, என் வீட்டுக்கே வர்றதா உத்தேசமா?"

"பயமா இருக்குப்பா." உங்களிடம்கூட நான் சொல்லாத வார்த்தை.

"எதிர்ல ஈ காக்கா இல்ல. நான் மெதுவா போறேன், தைரியமா வாங்கம்மா."

முந்தினேன். லாரி மறைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகத் திறந்தது. வளைவே இல்லாத சாலை, மரமே இல்லாத தரை, மிச்சமெல்லாம் வானம். அத்தனை பெரிய இடத்தில் நான் ஒருத்திதான். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நம் நாயின் போட்டோவும் வேண்டும். அதில் நீங்களும் இருந்தால் பரவாயில்லை.

உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்கிறது, போகவேண்டும். வேலை முடியும்போது என்னை அழைத்துப்போக ரயிலில் வருவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பாருங்கள்.

மவுரீன்