சின்னக் கதிரை

றுமைஸாட வாப்பாவுக்கு, ஸலாம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மகளைக் கல்முனையில் டொக்டரிடம் காட்டினேன். நாலு வயதில் நடக்கும்போது முழங்கால் இரண்டும் இப்படி ஒன்றோடொன்று முட்டுவது வழமைதானாம், ஏழெட்டு வயதுக்குள் தானாக நேராகுமாம்.

"கட்டின துணிய முதல்ல அவிழ்த்து வீசுங்க," என்று ஏசினார். உங்கள் பழைய சாரனைக் கிழித்து இரவில் அவள் கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டியது நான்தான். அவள் காலும் என் கால் போல ஆகிவிடுமோ என்று பயம்.

பிறகு, "நீங்க கொஞ்சம் நடங்க பாப்பம்," என்றார். நடந்தேன். எக்ஸ்றே எனக்குத்தான் எழுதினார். இன்னும் எடுக்கவில்லை. நோன்பு மாதத்திலிருந்து முழங்கால் மடங்குதில்லை, கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். உங்களிடம் சொல்லவில்லை.

இன்று அஸர் தொழுகைக்கு மகள் தன் சின்னக் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எனக்கும் உம்மாட கால்தானே," என்றாள்.

நாளைக்கு எக்ஸ்றே எடுக்கப் போகிறேன்.

உங்கள் மகளின் உம்மா