டாலர் ஏறிய மாதம்

அட்டன்,
6.11.1949

அன்புள்ள சிசிலிக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். நீயும் நம் மகளும் நலந்தானே? அவளுக்கு உன் மூக்கு என்று உன் அண்ணன் பத்திநாதன் எழுதியிருந்தார். பிறந்து பத்து நாளாகியும் நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கே வலப்பனையிலும் மழைதானாமே, பிள்ளையின் காதை மூடியே வை.

நான் ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நம் கடைக்கு அமெரிக்காவிலிருந்து பத்துத் தையல் மெஷின் வந்ததல்லவா? மொத்தம் ஐந்நூறு டாலர், மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். சரக்கு வந்த அன்று டாலர் மூன்று ரூபாய் முப்பது சதம். அந்தக் கணக்கில்தான் பேரேட்டில் எழுதி விலையும் வைத்தோம். செப்டம்பரில் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். போன வாரம் வங்கியில் கட்டப் போனால் டாலர் நாலே முக்கால்! எழுநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போய்விட்டது.

முதலாளி இடிந்து போனார். ஏற்கெனவே விற்ற ஆறு மெஷினுக்கும் தலா எழுபது ரூபாய் கூட்டிப் புது பில் எழுதச் சொன்னார். அதில் ஒன்று காளியாயி வாங்கியது. கொழுந்து பறிக்கிறவள், மகள் தைத்துப் பிழைக்கட்டும் என்று பசுவை விற்று முழுப் பணமும் கட்டியவள்.

"சரக்கு வித்தாச்சு, காசும் வாங்கியாச்சுங்க ஐயா. டாலர் ஏறினது கடையோட நட்டம். நட்டக் கணக்குலதான் எழுதணும்" என்றேன்.

"அப்ப ஒன் சம்பளத்துல புடிக்கவா?" என்று கத்தினார்.

"புடிச்சுக்கங்க. அந்த பில்ல மட்டும் நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்கள் இருவர் நினைப்பும் வந்தது.

மூன்றாம் நாள் அவர் வங்கிக் காகிதங்களை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நட்டத்துலயே எழுதிருங்க, ஞானரட்ணம்" என்றார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு 'ங்க' போட்டார். ஆனால் கிறிஸ்மஸ் போனஸ் கிடையாது. மிச்ச நாலு மெஷினும் விற்கும்வரை லீவும் இல்லை.

ஆகவே வருகிற ஞாயிறன்று ஞானஸ்நானத்துக்கு நான் இருக்கமாட்டேன். பிள்ளையை உன் அண்ணனே ஏந்தட்டும். பெயரை நீயே வை, எதுவானாலும் எனக்குப் பிடிக்கும். உனக்குச் சொன்ன சேலையும் இப்போது இல்லை.

நான் செய்தது சரியா தப்பா என்று உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? கோபமாக இருந்தாலும் இரண்டு வரி எழுதிப் போடு, கண்ணு. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன்னுடைய,
ஞானரட்ணம்