சாவிப் பெட்டி

ஜூன் 3

என் தங்கப் பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொண்டது.

நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. கரண்ட்டை வெட்டியதிலிருந்து போனும் செத்துவிட்டது, அதனால்தான் இந்தக் காகிதம். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, சிரிக்காதே.

நீ எழுதிய சட்டம் நம் தெருவுக்கு வந்துவிட்டதடி! ஏரியை மண் போட்டு மூடிக் கட்டிய நாற்பத்தொரு வீட்டையும் ஏரிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நம் வாசலுக்கு எதிரே ஒரு இரும்புப் பெட்டியை நட்டிருக்கிறார்கள். காலி செய்கிறவர்கள் சாவியை அதன் வாயில் போட வேண்டும். விழ விழ முகப்பில் எண் கூடுகிறது. நானும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

நேற்று தையற்காரர் பெண்டாட்டி சாவியைப் போட்டுவிட்டு, "உம் பேத்தி எங்களைத் தண்ணிக்கு எழுதிக் குடுத்துட்டா. நீ ஆபீசர் வீட்டுப் பாட்டி, அசையவே மாட்டே, இல்ல?" என்றாள்.

"போடி. மழைக்கு மழை கட்டில் மேல ஏறி உக்காந்தியே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? எல்லாரையும் அனுப்பிட்டு என் சாவிய எங்கையால போட்டுட்டுத்தான் போவேன். வந்து பாரு" என்றேன்.

ஆசீர்வாதத்துடன்,
பாட்டி

ஜூன் 10

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "இவங்களையே வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றார் மேலதிகாரி.

ஒன்றை மட்டும் மனதில் வை. நாற்பத்தொன்று விழுந்ததும் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். மறுநாள் காலை பத்து மணிக்கு மதகு தானாகத் திறந்து தெருவுக்குள் தண்ணீர் வரும். முன்பு மூன்று முறை பெரிய மனிதர்கள் போன் போட்டு நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை யார் சொன்னாலும் நிற்காதபடி எழுதினேன். எனக்கும் சேர்த்துத்தான்.

கடைசி ஆளாக இருக்காதே. இங்கே உன் அறை தயார். ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன்.

உன் பேத்தி

ஜூன் 17

தங்கமே,

நோட்டில் முப்பத்தெட்டு. பெட்டியில் முப்பத்தொன்பது. மூன்று தடவை சரிபார்த்தேன். கணக்கில் நான் என்றைக்குத் தப்பியிருக்கிறேன்?

காலையில் பெட்டியடியில் ஈரக் காலடிகள். நடுத்தெருவில் தொடங்கிப் பெட்டி வரை வந்திருக்கின்றன. திரும்பிப் போன அடியைக் காணோம். மழை இல்லை. தெருக்குழாயை அடைத்தும் ஒரு வாரம் ஆகிறது. பெட்டியின் வாயில் பாசி வாடை. காலி வீடுகளில் குடம் வைக்கும் சத்தம் வேறு.

நம் வாசல்படி ஞாபகம் இருக்கிறதா, ஒரு பக்கம் தேய்ந்த கல்? கடைக்கால் தோண்டியபோது அடியிலிருந்து வந்தது. ஏரி வருவதற்கு முன் அங்கே யாரோ குடியிருந்தார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்பார் உன் தாத்தா. "சும்மா ஒரு படி கெடச்சுது" என்று வாசலில் பதித்துவிட்டார். நேற்றிலிருந்து அந்தக் கல் ஈரமாகவே இருக்கிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது.

பாட்டி

ஜூன் 21

தங்கமே,

இன்று காலை பால்காரரும் காலி செய்துவிட்டார். நோட்டில் நாற்பது. பெட்டி நாற்பத்தொன்று காட்டி வாயை மூடிக்கொண்டது. என் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

"வண்டில ஏறுங்கம்மா" என்றார் பால்காரர். சாவியைப் போடாமல் எப்படி ஏறுவது? ஆபீசர் பாட்டி மட்டும் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை என்று அந்தத் தையற்காரி ஊரெல்லாம் சொல்ல மாட்டாளா? "காலைல ஒம்பது மணி பஸ்ல வந்துடுவேன்" என்று சொல்லி அவரை நிறுத்தி வைத்து, தபாலில் போடக் கொடுக்க இதை எழுதுகிறேன்.

நம் வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் தண்ணீர் சொட்டுகிறது. பால்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யாரம்மா என்றேன்.

"இந்த வீடுதாம்மா. அப்ப யாரும் எங்ககிட்ட சாவி கேக்கல. இப்பதான் பெட்டி வச்சுக் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"அடிப்பாவி, என் கணக்கைக் கெடுத்துட்டியே! என் சாவிய நான் எங்க போடறது?"

"தண்ணி வந்தா தானா வாய் தெறக்கும்மா. எங்க கதவும் அப்படித்தான் தெறந்துச்சு."

பாவம், நல்ல பெண். துண்டு கொடுத்தேன். துவட்டத் துவட்டத் தலை காயவில்லை.

சாவியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கட்டிலில் ஒரு போர்வை போட்டு வை. இங்கே குளிர்கிறது.

பாட்டி

ஜூன் 30

பாட்டி,

பெட்டியிலிருந்து ஆபீசுக்கு நாற்பத்தொன்று என்று வந்ததும், நீ போட்டுவிட்டாய் என்று துள்ளினேன். மறுநாள் கரையில் நின்று, மதகு திறந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். நீ ஒன்பது மணி பஸ்ஸில் ஏறியிருப்பாய் என்றார் பால்காரர்; சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. மதகை மூடச் சொல்லிக் கத்தினேன். மேலதிகாரி நான் எழுதிய பக்கத்தையே எடுத்து நீட்டினார்.

ஆட்கள் முங்கிப் பார்த்தார்கள். கதவு வெளியே பூட்டியிருக்கிறதாம். உள்ளே யாரும் இல்லை. வாசல்படி இருந்த இடத்தில் வெறும் மண்.

கொக்குகள் வந்துவிட்டன. சுற்றுத் தெருக்களில் வறண்ட கிணறுகள் ஊறுகின்றன. நான் எழுதியது சரிதான், பாட்டி. அதுதான் தாங்க முடியவில்லை.

இதைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன்.

இன்று காலை பெட்டியிலிருந்து ஆபீசுக்கு ஓர் எண் வந்தது. பெட்டி பதினைந்தடித் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

நாற்பத்திரண்டு.

போர்வை விரித்து வைத்திருக்கிறேன். ஈரத்தோடு வந்தாலும் பரவாயில்லை.

உன் பேத்தி