தூளிக்கு எடுத்து வைத்த வேட்டி

நாள் தள்ளிப்போனதும் லூர்தம்மாவுக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றே நினைத்தார்கள். மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம், துணிக்குப் பஞ்சம். கணவன் சவேரி தன் கல்யாண வேட்டியைத் தூளிக்கென்று பெட்டியில் பூட்டிவிட்டுக் கோணிச்சாக்கைக் கட்டித் திரிந்தான். நேற்று சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் அவளுடைய நடுங்கும் விரல்களையும் கழுத்தையும் பார்த்து, பிள்ளை இல்லை, கழுத்துச் சுரப்பிதான் மிதமிஞ்சி வேலை செய்கிறது என்றார். சவேரி அவரைத் திட்டிவிட்டு வந்து, அவளிடமும் பேசாமல் படுத்துக்கொண்டான். காலையில் அவன் வேலைக்குப் போனபின், அவள் ஒரு சீட்டெழுதிக் கிழங்குச் சட்டிக்கு அடியில் வைத்தாள்.

"என்னங்க, அங்கம்மாக்காவோட குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போறேன்; சுரப்பிக்குச் சொட்டு மருந்து இருக்காம். சாயங்காலம் வந்துருவேன். மரவள்ளி வெந்திருக்கு. எனக்குன்னு எடுத்து வைக்காம முழுசும் சாப்பிடுங்க.

டிரஸரைத் திட்டாதீங்க. சுரப்பி அடங்கினா பிள்ளை தங்கும்னு, நீங்க கோவிச்சுக்கிட்டு எழுந்து போனப்புறம் அவருதான் சொன்னாரு.

எழுத்து கோணலா இருக்கேன்னு பாக்காதீங்க. நான் அழுவல, கைதான் நடுங்குது."

இடம் தீர்ந்ததும் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"பெட்டிச் சாவி உங்க தலையணைக்கு அடியில. வேட்டியை எடுத்துக் கட்டுங்க. ஒருநாள் கட்டுனது, இன்னும் மொடமொடன்னு இருக்கு, பிள்ளைக்கு உறுத்தும். நீங்க கட்டிக் கட்டிப் பழசானாத்தான் தூளி மெத்துனு இருக்கும்."