அப்பா நடக்க எட்டுப் பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உங்கப்பாவின் கால்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் மட்டும் பாதி சுகம் என்று சொல்லும். நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று மூன்று தடவை சொல்வதற்குள் உன் ஆபீஸ் வந்துவிடுகிறது, இந்தப் பக்கம் உங்கப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, அதையெல்லாம் அவன்கிட்ட எதுக்குச் சொல்ற என்று என் வாயை அடைத்துவிடுகிறார். கடிதம் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கண் ஆஸ்பத்திரியில் என் வேலை அப்படியேதான், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், சொட்டு மருந்து விட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டே என்னோடு சண்டை போடுவதும். உன் அக்கா வீடு மாறிவிட்டாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, குழாயில்தான் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. மாப்பிள்ளை பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறார், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பாட்டுக் கேட்கிறாரே, உன்னுடைய அந்தச் சந்தாக் கணக்கு, அதிலிருந்து அப்பா போனை எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை, முழுதும் படி. அப்பாவுக்கு இந்த நடுக்க நோய் வந்ததிலிருந்து நடை எப்படி என்று நீ வீடியோவில் பார்த்ததுதான். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு முன்னால் சாயும், கால் வராது. உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பிசியோ பெண் ஒருநாள் கையைத் தட்டித் தட்டி நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, தாளம் காதில் விழுந்தால் கால் தானாக எடுத்துவைக்கும், இயர்போனை மாட்டிப் பாட்டோடு நடக்கவிடுங்கள் என்று சொன்னாள். முதலில் இலவசமாகக் கிடைத்ததைத்தான் போட்டோம். இரண்டு பாட்டுக்கு ஒரு விளம்பரம். ஷாம்பு விளம்பரம் வந்தால் உங்கப்பா கூடத்தின் நடுவில் சிலையாக நிற்பார், ஷாம்பு முடிந்தால்தான் புறப்படுவார். நான் சிரித்துக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். உன்னிடம் சொன்ன அன்றைக்கே நீ உன் சந்தாவை அப்பா போனில் போட்டுக்கொடுத்தாய், விளம்பரம் ஒழிந்தது. அந்தப் புண்ணியம் உனக்கு.

ஆனால் அதன் பிறகு புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. சாயங்கால நடையில் எங்கேயாவது ஓரிடத்தில் பாட்டு தானாக நின்றுவிடும். போன் பழசு என்றேன் நான், நெட் சரியில்லை என்றாள் அக்கா, உங்கப்பா வாயே திறக்கவில்லை. பாட்டை மறுபடி போடுங்கள் என்றாலும் போட மாட்டார், போதும் வா திரும்பலாம் என்பார். நான் தோளில் தாளம் தட்டித் தட்டி வீடு கொண்டுவந்து சேர்ப்பேன். போன மாதம் பேக்கரிக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது, சரியாக நடுச்சாலையில் நின்றது. ஒரு வேன்காரர் பிரேக் போட்ட சத்தத்தில் பேக்கரிக்குள் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பாடத் தெரியாத நான் நடுரோட்டில் ஒண்ணு ரெண்டு ஒண்ணு ரெண்டு என்று கத்துகிறேன். திட்டுவதற்காக இறங்கிய வேன்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு அவரும் சேர்ந்து கத்துகிறார். உங்கப்பா பட்டாளத்துக்காரர் மாதிரி எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து வந்து நடைபாதையில் ஏறினார். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஆனால் வேனின் முகத்துக்கும் உங்கப்பா இடுப்புக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது, அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அக்கா வந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியுமாம், வேறொரு போனில் பாடுகிறது என்று திரையிலேயே எழுதியிருந்தது. எங்கள் சாயங்காலம் உனக்கு விடிகாலை. நீ எழுந்ததும் பாட்டைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போகிறாய், அங்கே உனக்குப் பாட ஆரம்பித்ததும் இங்கே உங்கப்பாவுக்கு நின்றுபோகிறது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை, உனக்கு எப்படித் தெரியும், எங்களுக்கே தெரியவில்லை.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். குடும்பச் சந்தா என்று ஒன்று இருக்கிறதாம், ஆளுக்கொரு கணக்கு, யார் பாட்டையும் யாரும் நிறுத்த முடியாது. ஆனால் ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். அதனால் என்னம்மா, தம்பியும் நம்ம வீட்டுலதான் இருக்கான்னு போட்டுடலாம் என்றாள் உன் அக்கா. என் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று டோக்கன் வாங்க வருகிறவர்களிடம்கூட நான் சொல்லிவைத்திருக்கிறேன், இந்தக் கம்பெனிக்காரனிடம் மட்டும் உள் அறையில் தூங்குகிறான் என்று சொல்வதா? வேண்டாம் என்றுவிட்டேன். அப்பாவுக்கென்று தனிச் சந்தா எடுத்துப் போனிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். நம் தெருமுனை செல்போன் கடைக்காரர்தான், அம்மா, சந்தாவுல இறக்கினா அது உங்க பாட்டு இல்ல, சந்தாவை நிறுத்தின அன்னிக்கே பூட்டிக்கும் என்றார். அது உண்மையும்கூட, ஏனென்றால் உன் கணக்கிலேயே அப்பா நன்றாக நடக்கிற ஒரு பாட்டு ஒருநாள் மங்கிப்போய்க் கிடந்தது, எத்தனை தட்டினாலும் அசையவில்லை. பாட்டின் உரிமையாளர் திரும்ப வாங்கிக்கொண்டாராம். கோடிப் பாட்டு இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள், உங்கப்பாவின் கால் கேட்பது ஏழெட்டைத்தான், அதிலும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன்?

ஆகவே பாட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக விலைக்கு வாங்குகிற இடத்தில் வாங்கிவிட்டோம். வாங்கினால் நம்முடையது, நெட்டும் வேண்டாம், யாரும் பூட்டவும் முடியாது. நீ இதைப் படித்ததும் அந்த விலைக்குச் சந்தாவே எடுத்திருக்கலாமே என்று சொல்வாய், தெரியும், சொல்லாதே. எதை வாங்குவது என்பதில்தான் பெரிய ரகளை. உங்கப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் கண்ணை மூடிக் கேட்கிற பாட்டு, அதற்கு நடந்தால் வாசலைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். பிசியோ பெண் கையைத் தட்டிப் பார்த்துத் தேறுகிறது என்று சொன்னதை எல்லாம், தகரத்தை உருட்டுற சத்தம் என்று ஒதுக்கினார். பேரம் பேசிப் பேசி எட்டில் வந்து நின்றது. அதிலும் இரண்டு பாட்டு, தொடக்கத்தில் தாளமே இல்லாமல் புல்லாங்குழல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும், அதுவரை இவர் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நிற்பார். கடைக்காரர் அந்தக் குழலை வெட்டித் தாளத்திலிருந்தே தொடங்குகிற மாதிரி செய்துகொடுத்தார். நம் பாட்டு என்பதால்தான் கத்திரி வைக்க முடிந்தது. என்னுடைய பழைய போனில் சிம்மைக் கழற்றிவிட்டு அந்த எட்டை மட்டும் ஏற்றியிருக்கிறோம்.

இத்தனையும் நடக்கும்போது ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழசே இருக்கட்டும், எதுக்கு வீண் செலவு என்று ஆரம்பித்தார். வேன் வந்ததே, மறந்துபோச்சா என்று நான் சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னார். நடுவுல நின்னா என்ன இப்போ, பையன் எழுந்துட்டான்னு தெரியுதுல்ல என்றார். தம்பி, அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். முதல் வாரமே திரையில் எழுதியிருந்ததைப் படித்துப் புரிந்துகொண்டு, நாங்கள் நெட்டையும் போனையும் திட்டிக்கொண்டிருக்க இந்த மனுஷர் கமுக்கமாக இருந்திருக்கிறார். மறுபடி தட்டினால் அங்கே உனக்கு நின்றுவிடும் என்றுதான் தட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு நிற்காமல் ஓடினால், பய தூங்கட்டும் என்று நினைத்துக்கொள்வாராம். உனக்குக் காய்ச்சல் வந்து யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கிடந்தாயே, நான் போன் செய்ததும் உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, தாய் மனசு என்றாயே, நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேனே. அது என் மனசு இல்லை. அந்த வாரம் நடையில் பாட்டு ஒருநாளும் நிற்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், உங்கப்பாதான் நிலைகொள்ளாமல், அவனுக்கு ஒரு போன் போடேன் போடேன் என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரமும் வந்தது. பிள்ளை எழுந்தானா என்று தெரிந்துகொள்ள நடுரோட்டில் நிற்பார்களா, நீங்களே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்றேன். காலையில அவனுக்கு ஆயிரம் அவசரம் இருக்கும், நாம வேற எதுக்கு என்றார்.

நேற்றுதான் புதுப் பாட்டுகளோடு முதல் நடை. நூலகம் வரை போய்த் திரும்பினோம், ஓரிடத்தில்கூடக் கால் ஒட்டவில்லை. பேக்கரிச் சாலையை நான் தொடாமலே கடந்தார். எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வலிக்குதா என்றேன். இல்ல, நல்லாத்தான் நடந்தேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னிக்கு அவன் எழுந்தானா இல்லையான்னே தெரியலையே என்றார். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். இனி நடையைக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துக்கொண்டு, நீ எழுகிற நேரத்துக்கு வீடு வந்துவிடுவோம். உன் கணக்கிலிருந்து அப்பா போனை எடுத்துவிட மறக்காதே, இல்லாவிட்டால் மறுபடி அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், நான் எத்தனை நாள் காவல் காப்பது. குளிருக்குக் காதை மூடிக்கொள், வெளியில் வாங்கித் தின்பதைக் குறை. உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே. இது கிடைத்த மறுநாள் முதல் கண் விழித்ததும், பாட்டைப் போடும் முன்னால் அப்பாவைக் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்கவேண்டாம், எழுந்துட்டேன்ப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடு, அவருக்கு அது போதும்.

அன்புடன்,
உன் அம்மா